கேரட் ஈக்கு நெல்லிக்குப்பம் வழி தெரியாது!

ஆபீஸ் போகிற வாலிபர்களுக்கு இப்போது ஒரு புது வியாதி பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் கல்யாணமான இரண்டாம் வருஷம் ஷேர் மார்க்கெட்டில் இறங்குவார்கள். அல்லது ஹோமியோபதி புத்தகம் வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பயமுறுத்துவார்கள். இப்போது மொட்டை மாடியில் மண் கொட்டுகிறார்கள்.

அறிகுறிகள் சுலபம். கேண்டீன் சாம்பாரைச் சாப்பிடாமல், அதில் மிதக்கிற கத்தரிக்காயைக் கரண்டியால் புரட்டிப் புரட்டி ஆராய்வார். எல்லோரும் குடித்து முடித்த டீயின் சக்கையைக் கேட்டு வாங்கி, டிபன் பாக்ஸில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "சார், உங்க தெருவுல மாடு இருக்கா?" என்று விசாரிப்பார். வியாதி முற்றினால் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். மண்புழுவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம்!

கேலி செய்யவில்லை. சீட்டாட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை. வெண்டை, தக்காளி, கீரை என்று சாத்வீகமாக இருக்கிறவரை வீட்டிலும் சந்தோஷம்தான். தலைக்கேறினால்தான் சிக்கல். அப்போது கேரட் போடத் தோன்றும்.

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் நண்பருக்குத் தோன்றிவிட்டது.

நெல்லிக்குப்பம் தெரியுமில்லையா? கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில். சென்னை பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842-லிருந்து சரித்திரம் பேசுகிற ஊர். சீசனில் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஆபீஸில் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிடுவது உத்தமம். காபி பைட், லாக்டோ கிங் என்று நம் பாக்கெட் மணியைக் கரைத்த பாரி மிட்டாய் கம்பெனியும் இந்த ஊரோடு சம்பந்தப்பட்டதுதான். (2004-ல் அதைக் கொரியாவின் லோட்டே கம்பெனி வாங்கிவிட்டது.) மொத்தத்தில் இனிப்பான ஊர். ஆனால் கேரட் ஊர் இல்லை.

கேரட் குளிர் கேட்கிற ஜாதி. 15 முதல் 20 டிகிரி வெப்பம் இருந்தால்தான் கிழங்கு நீளமாக, நிறமாக, ஊட்டி ஜோராக வரும். வெயில் ஏறினால் குட்டையாக, வெளிறிப்போய், மாச சம்பளத்தின் கடைசி வாரம் போல இருக்கும். நண்பர் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். உஷ்ணத்தைச் சற்றே தாங்குகிற இந்திய ரகங்கள் இருக்கின்றன. பூசா கேசர், பூசா மேகாலி என்பவை டெல்லி ஆராய்ச்சிக்காரர்கள் தந்தவை. வடகிழக்குப் பருவமழையின் ஆவேசம் அடங்கிய பிறகு விதைத்து, வெயில் ஏறுவதற்குள் மூன்று, மூன்றரை மாதத்தில் பிடுங்கிவிடுவது என்று பிளான். (கடலூர்க்காரர்களுக்கு இந்த 'மழை அடங்கிய பிறகு' என்பதும் உத்தரவாதமில்லாத சமாசாரம். 2011-ல் தானே புயல் டிசம்பர் 30-ம் தேதி வந்து கதவைத் தட்டியது.)

ஆறு க்ரோ பேக் வாங்கினார். கல் பொறுக்கி, மணல் கலந்து, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பஞ்சு மாதிரி ஆக்கினார். கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடக்கூடாது. நேரடியாக விதைக்க வேண்டும். விதைத்தார். பத்துப் பன்னிரண்டு நாளில், குழந்தையின் தலைமுடி மாதிரி பச்சையாக எட்டிப் பார்த்தது. வீடே கொண்டாடியது. நாலு வயசுப் பாப்பா, "எப்பப்பா சாப்பிடலாம்?" என்று தினமும் மூன்று வேளை கேட்டது.

அப்புறம்தான் நண்பர் படிக்க ஆரம்பித்தார். அங்கே பிடித்தது சனி!

கோட்டை கட்டிய கதை

யூட்யூபில் ஓர் இங்கிலாந்து மாமி. அழகான தோட்டம். கேரட் போடுகிறவர்களே, ஜாக்கிரதை! கேரட் ஈ வரும், கிழங்கின் பக்கத்தில் மண்ணில் முட்டையிடும், புழு கிழங்குக்குள் துரு நிறத்தில் சுரங்கம் வெட்டும், பயிர் பாழ் என்று எச்சரித்தார். ஈ தாழ்வாகப் பறக்கும், ஆகவே இரண்டடி உயரத்துக்குச் சுற்றிலும் வலை கட்டுங்கள் என்று வழியும் சொன்னார். கேரட் இலை கசங்கினால் வாசனை பிடித்துக்கொண்டு வரும், ஆகவே இலையைத் தொடாதீர்கள் என்றார்.

மாமி சொன்னதில் தப்பே இல்லை. இங்கிலாந்தில் கேரட்டின் பரம எதிரி அந்த ஈதான். கறுப்பு உடம்பு, மஞ்சள் கால். ஐரோப்பாவில் பிறந்து, வட அமெரிக்கா, நியூசிலாந்து என்று குளிர் தேசங்களாகப் பார்த்துக் குடியேறிய பிரகிருதி. அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆனால் நெல்லிக்குப்பம் மாடிக்கு அது வருவதென்றால்? விழுப்புரத்தில் ரயில் மாறி வர வேண்டும்!

நண்பர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. நைலான் வலை வாங்கி, நாலு மூங்கில் நட்டு, ஆறு பைகளைச் சுற்றி இரண்டடிக் கோட்டை எழுப்பினார். செஞ்சிக் கோட்டை தோற்றது. மேலே திறந்தவெளி. பாப்பா இலையைத் தொட்டுவிடாமல் காவல் வேறு.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், இரண்டு பையில் பாதி நாற்று தரையோடு தரையாக வெட்டிக் கிடந்தது. கத்தரிக்கோல் வைத்து நறுக்கிய மாதிரி. அடுத்த நாள் இன்னொரு பை.

"கேரட் ஈ வந்துடுச்சு சார்!" என்று போனில் அலறினார். அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே உர மருந்துக் கடைக்குப் போனார்.

"எல்லாத்துக்கும் கேக்கும் சார்!"

உர மருந்துக் கடையில் 'எந்தப் பூச்சி?' என்று கேட்பவர்கள் உண்டு. நண்பருக்கு வாய்த்தவர் அந்த ரகம் இல்லை. "கேரட்டா? பூச்சியா? இதை எடுத்துட்டுப் போங்க. எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். பாட்டிலில் அளவு ஹெக்டேர் கணக்கில் போட்டிருந்தது. நண்பரின் பண்ணை ஆறு பை. அதை ஹெக்டேருக்கு மாற்றினால் புள்ளிக்குப் பின்னால் நாலு சைபர் வருகிறது. கால்குலேட்டரே களைத்துப்போயிற்று. "மூடியால ஒரு மூடி ஊத்துங்க" என்று கணக்கை முடித்துவைத்தார் கடைக்காரர்.

இந்த 'ஒரு மூடி' கணக்குதான் வயிற்றைக் கலக்குகிறது.

நம் நாட்டில் பூச்சிமருந்து பாட்டில் ஒவ்வொன்றிலும் டைமண்ட் வடிவக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு வண்ணம். பச்சை என்றால் விஷம் குறைவு. நீலம் நடுத்தரம். மஞ்சள் கடுமை. சிவப்பு அதிபயங்கரம். சிகரெட் பெட்டிப் படத்தை விட முக்கியமான படம் இது. எத்தனை பேர் பார்க்கிறோம்? கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் காய் பறிக்கிற நாளுக்கும் இடையில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. வயலில் அதற்குக் காலண்டர் உண்டு. மாடியில் நாலு வயசுப் பாப்பாதான் காலண்டர். அப்பா ஆபீஸ் போனதும் ஒரு கேரட்டைப் பிடுங்கி, பாவாடையில் துடைத்துவிட்டுக் கடித்தால் என்ன செய்வீர்கள்? கேரட் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மோனோகுரோட்டோபாஸ் என்று ஒரு மருந்து. காய்கறிகளுக்கு அதை அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. 2013 ஜூலையில் பீகாரில் சாப்ரா பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது அதே மோனோகுரோட்டோபாஸ். வயலில் அடித்த மருந்து அல்ல அது. சமையற்கட்டு வரை வந்துவிட்ட மருந்து. மாடித் தோட்டத்துக்காக வாங்குகிற பாட்டில், தீர்ந்தபிறகு எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயின்ட் டப்பாவோடு, பாப்பாவின் கை எட்டுகிற உயரத்தில்.

நண்பர் மூடியைத் திறக்கப்போன நேரத்தில்தான் அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, யாரைக் கொல்லப்போறீங்க?"

ராத்திரி பத்து மணி

அடுத்த வீட்டுப் பெரியவர் கரும்பு ஃபீல்டுமேனாக இருந்து ரிட்டையரானவர். முப்பது வருஷம் சைக்கிளில் கரும்புக் கொல்லைகளைச் சுற்றியவர். கட்டிங் ஆர்டர் எப்போ வரும் என்று கேட்டுத் துரத்துகிற விவசாயிகளிடம் தப்பித்தவர் என்பதால் அசாத்தியப் பொறுமைசாலி.

"கேரட் ஈ, ஐயா."

"பாத்தீங்களா?"

"பாக்கலை. வீடியோவுல பாத்தேன்."

"வீடியோவுல புலியைப் பாத்தா வீட்டுல துப்பாக்கி வாங்குவீங்களா? ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துட்டு வாங்க. அந்த பாட்டிலை மூடுங்க."

பத்து மணிக்கு டார்ச் அடித்தார்கள். நாற்றின் அடியில், சாவகாசமாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு தடித்த புழு. தொட்டதும் ஜிலேபி மாதிரி சுருண்டது. சாட்சாத் வெட்டுப்புழு! புகையிலை, நிலக்கடலை, மிளகாய், காலிஃபிளவர் என்று பேதமில்லாமல் தின்கிற ஆசாமி. பகலில் மண்ணுக்குள் படுத்துத் தூங்கிவிட்டு ராத்திரி டியூட்டி பார்க்கும். அதாவது, நண்பர் கோட்டை கட்டியபோதே எதிரி உள்ளே படுத்திருந்தான். வெளியிலிருந்து வருகிற தாய் அந்துப்பூச்சிக்கும் பிரச்னை இல்லை. அது இரவில் பறந்து வந்து திறந்திருக்கும் மேல்பக்கமாக இறங்கி, இலைக்குப் பின்னால் முட்டைக் குவியல் வைத்து, மேலே பழுப்பு ரோமத்தால் போர்வையும் போர்த்திவிட்டுப் போய்விடும்.

அன்றைக்குப் பதினொன்று சிக்கின. சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டார்கள். மறுநாள் நாலு. அதற்கடுத்த நாள் ஒன்று. அதோடு வெட்டு நின்றது. செலவு: டார்ச் பேட்டரி. பெரியவர் ஒரு யோசனையும் சொன்னார். ஓரமாக ஒரு தொட்டியில் ஆமணக்கு போடுங்கள். இந்த அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் உயிர். முட்டையை அங்கே வைக்கும். இலையைக் கிள்ளி நசுக்கிவிட்டால் ஒரு குடும்பமே க்ளோஸ்.

எல்லாம் சரி. "யாரைக் கொல்லப்போறீங்க?" என்று ஏன் கேட்டார்? அதற்குப் பதில் சொல்லத்தான் பெரியவர் கரும்புக் கதையை எடுத்தார்.

முட்டைக்குள் முட்டை

கரும்பில் இடைக்கணுப் புழு என்று ஒன்று. முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நாளில் கரும்புக்குள் துளைத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் வெளியே எவ்வளவு மருந்தை ஊற்றினாலும் அதற்கு மழை பெய்கிற மாதிரிதான். உள்ளே பத்திரமாக உட்கார்ந்து கரும்பு தின்கிற பூச்சியை எப்படிப் பிடிப்பது?

பிடிக்க வேண்டியது புழுவை இல்லை, முட்டையை. அதற்கும் ஆள் இருக்கிறது. டிரைக்கோகிரம்மா என்று ஒரு குளவி. குளவி என்றதும் ஓடாதீர்கள், உடம்பே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கொட்டத் தெரியாது. அது புழுவின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். முட்டை கறுத்துப்போகும். சில நாள் கழித்து உள்ளேயிருந்து புழு வராது, குளவி வரும்! வாடகைக்கு விட்ட வீட்டைக் குடித்தனக்காரரே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி.

இதைப் பரிசோதனைக் கூடத்தில் வளர்க்கிறார்கள். கம்பு மாவில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, குளவியை விட்டு முட்டையிட வைக்கிறார்கள். அந்த அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கரும்பு இலையின் அடியில் ஸ்டேப்ளர் அடித்துவிட வேண்டியது. கரும்புக்கு நாலாம் மாதம் பிறந்ததிலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. பாக்கியைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

"முதல்ல விவசாயிங்க சிரிச்சாங்க தம்பி. அட்டையைக் கட்டினா புழு போயிடுமான்னாங்க. ஒரே ஒரு கண்டிஷன்தான் சொல்வேன். அட்டை கட்டின கொல்லையில மருந்தடிக்காதீங்க. மருந்துக்கு யாரு நம்ம ஆளு, யாரு அவன் ஆளுன்னு தெரியாது. முதல்ல சாவறது குளவிதான்."

இது கரும்பு ஊர் ரகசியம் மட்டும் இல்லை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி தலைகாட்டியது ஞாபகமிருக்கிறதா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டு வாசல் செம்பருத்தி வரை பூசிக்கொண்டது. அடிக்காத மருந்தில்லை. அதன் மேல்தோல் மெழுகு, மருந்து ஒட்டாது. கடைசியில் ஆராய்ச்சிக்காரர்கள் அதன் பூர்வீகத்தை விசாரித்தார்கள். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, வளர்த்து, தமிழ்நாட்டில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் ஆட்டம் மாதக்கணக்கில் அடங்கிவிட்டது. பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு வந்த போலீஸ்!

முதலைக் குட்டி

ஜனவரியில் கேரட் இலைகளில் அசுவினி வந்தது. இலைக் காம்பில் கடுகு ஒட்டினாற்போல் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி. கூடவே எறும்பு ஊர்வலம். பக்கத்திலேயே இன்னொரு ஜந்து. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, முள்முள்ளாக, குட்டி முதலை மாதிரி.

நண்பர் செருப்பைக் கழற்றினார். முதலையை நசுக்க.

"அடப்பாவமே, நிறுத்துங்க! அது பொறிவண்டுக் குட்டி!" என்றார் பெரியவர்.

சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட அழகான வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் பிள்ளைப் பருவம் இவ்வளவு அவலட்சணமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? (நம்முடைய எஸ்.எஸ்.எல்.சி. போட்டோவைப் பார்க்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.) ஒரு குட்டி, வளர்ந்து வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கில் அசுவினி தின்றுவிடும். அதைக் கொன்றுவிட்டு மருந்து தேடுவது, வாட்ச்மேனை அடித்துத் துரத்திவிட்டுத் திருடன் வந்துட்டான் என்று புகார் எழுதுகிற மாதிரி.

அப்போது எறும்பு? அது அசுவினியின் பாடிகார்டு. அசுவினி வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காக அதை மேய்த்துப் பாதுகாத்து, பொறிவண்டு வந்தால் விரட்டும். ஆகவே முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். ஸ்டாண்டில் பையை வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள். அந்தக் காலத்தில் பலகாரத் தூக்கைக் காப்பாற்றிய அதே டெக்னிக். (கிண்ணத்துத் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். இல்லையென்றால் கேரட்டைக் காப்பாற்றி டெங்கு கொசுவை வளர்த்த பெருமை சேரும்.) அசுவினி மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். மிச்சத்தை முதலைக் குட்டி கவனித்துக்கொண்டது.

மண்ணுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அரைகுறையாக மக்கிய சாணியோடு இலவசமாக வந்து சேருகிற வெள்ளைப் புழு ஒன்று. நன்றாக மக்கி, நாற்றம் போய், டீத்தூள் மாதிரி உதிர்ந்தால்தான் எருவைப் பையில் போட வேண்டும். புது எருவில் கேரட்டுக்கு இரண்டு கால், மூன்று கால் முளைக்கிற கூத்தும் நடக்கும். இன்னொருவர் நூற்புழு. பூச்சி ஜாதியே இல்லை, கண்ணுக்குத் தெரியாத புழு. வேரில் முடிச்சு முடிச்சாக்கி கிழங்கைக் கோணலாக்கும். தக்காளி, வெண்டை வேரில் முடிச்சு கண்ட மண்ணில் கேரட் போடாதீர்கள். மே மாதத்தில் அந்த மண்ணை ஈரப்படுத்தி, கண்ணாடி மாதிரியான பாலிதீன் ஷீட்டால் மூடி, நாலைந்து வாரம் வெயிலில் வேகவிடுங்கள். கடலூர் ஜில்லாக் கத்திரி வெயிலுக்கு ஒரு உபயோகமாவது வேண்டாமா?

கல்யாணத்துக்கு முன்னால்

அப்படியானால் வலையே வேஸ்ட்டா? இல்லை. கட்டிய விதம்தான் கோளாறு.

கேரட்டில் ஒரு சௌகரியம். பூசணி, பீர்க்கையெல்லாம் காய்க்க வேண்டுமென்றால் தேனீ வந்து மகரந்தம் மாற்றிக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். வலை போட்டு மூடினால் மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வர முடியாது. கேரட்டில் நமக்கு வேண்டியது வேர். அது பூப்பூத்துக் கல்யாணத்துக்குத் தயாராவதற்குள் நாம் பிடுங்கி அல்வா கிளறிவிடுகிறோம். ஆகவே விதைத்த அன்றைக்கே, பழைய கொசுவலையால் மேலும் கீழும் சேர்த்து முழுசாக மூடி, ஓரத்தை மண்ணில் செருகிவிடலாம். அந்துப்பூச்சியும் வராது, வெட்டுக்கிளியும் வராது. ஒன்றே ஒன்று: மண்ணில் ஏற்கெனவே புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துவிட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் எதிரிக்குக் கொசுவலை கட்டித் தூங்க வைத்த கதைதான்.

இத்தனைக்கும் மீறி அடித்தே தீருவேன், கை துறுதுறுக்கிறது என்பவர்களுக்கு வேப்பங்கொட்டை இருக்கிறது. 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படையெடுப்பு. கண்ணில் பட்ட பச்சையெல்லாம் போனபோது வேப்ப மரங்கள் மட்டும் நின்றதை ஒரு ஜெர்மன் பூச்சியியல் நிபுணர் கவனித்தார். 1962-ல் டெல்லியில் நம்ம விஞ்ஞானிகள் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி பட்டினி கிடந்ததே தவிர, அந்தப் பயிரைத் தொடவில்லை. 1994-ல் வேம்பைக் கொண்டு பூஞ்சாணத்தை அடக்கும் முறைக்கு அமெரிக்க அரசின் விவசாயத் துறையும் ஒரு கம்பெனியும் சேர்ந்து ஐரோப்பாவில் பேட்டன்ட் வாங்கின. நம்ம பாட்டி சமாசாரத்துக்கு அங்கே பட்டாவா என்று வழக்கு நடந்து, 2000-ல் ரத்தாகி, 2005-ல் அப்பீலும் தள்ளுபடியானது. இவ்வளவு சண்டை போட்டு மீட்ட சரக்கு நம் தெரு முனையில் உதிர்ந்து கிடக்கிறது. செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம்!

செய்முறை இது. நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பால் மாதிரி வரும்வரை பிழிந்து வடிகட்டி, ஒரு சிட்டிகை சோப்பு கரைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் தெளியுங்கள். வெயில் பட்டால் அதன் சக்தி போய்விடும். தின்றவுடன் பொத்தென்று விழுவதை எதிர்பார்க்காதீர்கள். பூச்சிக்குச் சாப்பாட்டில் வெறுப்பு வரும், தோலுரித்து வளர முடியாமல் போகும். பொறிவண்டுக்கும் குளவிக்கும் மற்ற மருந்துகளைப் போல அத்தனை கெடுதல் இல்லை. அதுவும் வாரா வாரம் வேண்டாம். பூச்சியைக் கண்ணால் பார்த்தபிறகு போதும்.

மார்ச்சில் அறுவடை நடந்தது. ஆறு பையில் ஒன்றரைக் கிலோ. செலவுக் கணக்குப் போட்டால், ஊட்டிக்குப் போய் வாங்கி வந்திருக்கலாம். சிலது சுண்டு விரல் சைஸ். ஒன்றுக்கு இரண்டு கால் இருந்தது, அதற்குப் பாப்பா பேர் வைத்துவிட்டது. ஆனால் மண்ணைத் தட்டிவிட்டு, குழாயில் ஒரு அலசு அலசி, அது கடகடவென்று கடித்தபோது நண்பர் "வேண்டாம், வேண்டாம்" என்று பாயவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றரைக் கிலோவில் விலை போட வேண்டியது அதற்குத்தான். (பாட்டில், சீல் உடைக்காமல் கடைக்கே திரும்பிப் போயிற்று. கடைக்காரர் பணமாகத் தரவில்லை, ஆமணக்கு விதையும் கொசுவலையுமாகத் தந்தார். வியாபாரம் என்றால் அதுதான்.)

உங்கள் மாடியில் கத்தரியோ, கீரையோ, கறிவேப்பிலையோ எதுவானாலும் இருக்கட்டும். நாளைக்குக் காலையில் இலையில் ஓட்டை பார்த்ததும் கை பாட்டிலைத் தேடும். தேடட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி, டி.வி. சீரியலை அரை மணி நேரம் தியாகம் செய்துவிட்டு டார்ச்சோடு மாடிக்குப் போய், யார் சாப்பிடுகிறார்கள், யார் காவல் காக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாடிக்குப் போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு மொட்டை மாடியில் நிற்கிற ஆண்பிள்ளையைப் பற்றி எதிர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதற்கு மட்டும் வேப்பங்கொட்டையில் மருந்து கிடையாது!